பதினான்காம் எண் ஜோடி

ஹார்ன்ஃபோர்டு, வில்ட்ஷர்
12 பிப்ரவரி 1984

மதிப்புக்குரிய திருமதி மியூரியல் ஹாடன் அவர்களுக்கு,

தங்கள் முகவரியை யுத்தகாலத்தில் லாண்டரியில் வேலை செய்த ஐவி ப்ளாக்மோர் கொடுத்தாள். கிறிஸ்துமஸ் தவறாமல் நியூசிலாந்திலிருந்து அவளுக்குத் தங்கள் வாழ்த்து அட்டை வருகிறதாம். எனக்கு அது புதுச் செய்தி.

நம் ஊர் வரலாற்றுக் குழுவுக்கு நான் இரண்டு வருடமாகச் செயலாளர். யுத்தத்தின்போது இங்கே ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தயாரான இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் போட்டுவருகிறோம். சவுத்தாம்ப்டன் தொழிற்சாலை குண்டுவீச்சில் நொறுங்கியபின் வேலையைத் துண்டு துண்டாக்கி ஊர் ஊராக ஒளித்து வைத்தார்கள் அல்லவா? நம் பங்குக்கு பஸ் ஷெட்டில் இறக்கை, ஸ்டீம் லாண்டரியில் வால், மேசை நாற்காலிக் கடையில் பெட்ரோல் தொட்டி. எல்லாவற்றையும் கோல்ட்ஹார்பர் மேட்டில் கொண்டுபோய்ப் பூட்டி, பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இன்று அதே ஷெட்டில் பஸ் கழுவுகிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று நம்மிடம் கையெழுத்து வாங்கினார்கள். நாமும் நாற்பது வருடம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்க வேண்டியிருக்கிறது. கோல்ட்ஹார்பர் மேட்டைச் சரளைக்கல் குவாரிக்கு விடப் போகிறார்கள். ஜூனில் மாவட்ட நிர்வாகமான கவுண்டி மன்றத்தின் விசாரணை. அங்கே விமானம் பறந்தது என்பதற்கு ஒரு காகிதம்கூட இதுவரை கிடைக்கவில்லை. நிரூபித்தால் ஓடுபாதையும் கொட்டகையும் தப்பும்.

தாங்கள் பஸ் ஷெட்டில் பதினான்கு மாதம் வேலை செய்தவர். உள் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பினால் குழு நன்றியுடையதாக இருக்கும். 1943 மார்ச் 13 சம்பவம் பற்றியும் தாங்கள் அறிந்ததை எழுதலாம். விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

இப்படிக்கு,
செல்வி ஆலிவ் விட்காம்
செயலாளர்


மாஸ்டர்டன் அருகே, வைராராபா
1 மார்ச் 1984

ஆலிவ்,

‘தாங்கள்’ என்று எழுதியிருந்தாய். முதலில் கவர்னர் மாளிகையிலிருந்து வந்த கடிதமோ என்று நினைத்தேன். இறக்கைக்கு வெளியே நீ, உள்ளே நான், நடுவில் ஒரு அலுமினியத் தகடு, இப்படிப் பதினான்காம் எண் ஜோடியாகப் பதினான்கு மாதம் இருந்தோம். தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகளை அடிக்க நீ காற்றுத் துப்பாக்கியை அழுத்துவாய். மறுபக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்து என் பல்லெல்லாம் ஆடும். வெளியே வந்ததும், “உயிரோட இருக்கியாடி?” என்பாய். அப்போது எங்கே போயிருந்தது இந்தத் தாங்கள்?

என் கணவர் நோயல் கடிதத்தைப் படித்துவிட்டு, “நீ லாண்டரியில துணி தச்சேன்னுதானே சொன்னே?” என்கிறார். அப்படித்தான் சொல்லியிருந்தேன். பொய்யும் இல்லை. கடைசியில் என்னை அங்கேதானே தள்ளினார்கள்.

உன் குழுவுக்காக நான் எதுவும் எழுதப் போவதில்லை. மார்ச் 13-இல் அந்த விமானம் மோதியபின் ஃபோர்மன் ப்ளாட், “அந்த வரிசையில துப்பாக்கி யார் கையில இருந்துச்சு?” என்று கேட்டார். நீ, “மியூரியல் கையில” என்றாய். இரண்டே சொல். நாற்பத்தோரு வருடம் கழித்து மூன்றாவது சொல்லாக ‘தாங்கள்’ வந்திருக்கிறது. எனக்கு இதுவே போதும்.

ஆனால் உன் வரைபடம் தப்பு. இறக்கையைப் பொருத்தி நிறுத்தும் இரும்புச் சட்டங்களை மேற்குச் சுவரோரம் போட்டிருக்கிறாய். மேற்கே இருந்தது பஸ்ஸுக்கு அடியில் இறங்கிப் பழுது பார்க்கும் குழிகள். அதில் விழுந்துதான் பெரிய டோரதி முன்பல்லை உடைத்துக்கொண்டாள். சட்டங்கள் கிழக்கே. ரிவிட்டுகளைச் சூடேற்றும் உருக்கிய உப்புத் தொட்டி ஷெட்டுக்குள்ளேயே இல்லை, முற்றம் தாண்டிப் பழைய குதிரை லாயத்தில் இருந்தது. இத்தனை தப்போடு விசாரணைக்குப் போனால் உன்னைச் சிரித்தே அனுப்பிவிடுவார்கள்.

மியூரியல்


ஹார்ன்ஃபோர்டு
14 மார்ச் 1984

மியூரியல்,

சரி. நீ.

பஸ் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கிழக்குச் சுவரில், தரைக்குச் சற்று மேலே, சட்டங்களை முடுக்கிய போல்ட் துளைகள் சிமென்டால் அடைத்துக் கிடக்கின்றன. பதினாறு துளைகள். உன் ஞாபகம்தான் சரி. மேற்குக் குழியில் இன்னும் பஸ் நிற்கிறது.

நேற்று மார்ச் 13. மேட்டுக்கு நடந்து போனேன். காற்று அப்படியே இருக்கிறது, கண்ணில் நீர் வரவைக்கும் காற்று. கொட்டகையில் வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். கான்கிரீட் தளத்தின் விளிம்பில் பார்லி முளைத்திருக்கிறது. அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அடுப்பங்கரையிலிருந்தும் துணிக்கடையிலிருந்தும் வந்த பெண்கள். ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாது. ஆறு வாரத்தில் இறக்கை செய்தோம். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய காரியம் எதுவும் செய்ததில்லை. முப்பது வருடம் நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்தினேன், அவ்வளவுதான்.

எங்கள் குழுத் தலைவர் மேஜர் ஃபென்விக்குக்கு இது புரியாது. அவருக்கு வேண்டியது விமான எண், எஞ்சின் எண், விமானி பெயர். “பொண்ணுங்க டீ குடிச்ச கதையெல்லாம் பின்னிணைப்புல போட்டுக்கலாம்மா” என்கிறார்.

நீ எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. விபத்துக்கு நாலு நாள் முன்பு, அந்த இறக்கையை முடித்த அன்றைக்குத் துப்பாக்கி உன் கையில்தான் இருந்தது. வழக்கமாக என் கையில் இருப்பது, ஆனால் அன்றைக்கு மாற்றிக்கொண்டோம். ஏன் என்று உனக்குத் தெரியும். காலையில் தந்தி வந்தது. என் தம்பி லென்னின் கப்பல் மூழ்கிவிட்டது, அவனைக் காணவில்லை என்று. வாசல் காவல்காரர் முற்றத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். உள்ளே வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. “நான் அடிக்கிறேன், நீ உள்ள போ. உள்ள யாரும் பாக்க மாட்டாங்க” என்று நீதான் சொன்னாய். இறக்கைக்குள் படுத்து, கட்டையைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

ப்ளாட் கேட்டார், உள்ளதைச் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

அந்த இறக்கையோடு பறந்த சோதனை விமானி ட்ரெகியர் உயிரோடு இருக்கிறாராம், கார்ன்வாலில். அவருடைய பறப்புப் பதிவேடு கிடைத்தால் மேடு தப்பும். எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஆலிவ்


வைராராபா
29 மார்ச் 1984

ஆலிவ்,

உள்ளதைச் சொன்னாயாம். சரி, சொன்னாய்.

இது உனக்காக அல்ல, அந்த மேட்டுக்காக. உன் மேஜரிடம் கொடு. வேண்டுமானால் பின்னிணைப்பில் போடட்டும்.

1942 நவம்பரில் ஒருநாள் இறக்கை ஏற்றின லாரியில் என்னையும் அனுப்பினார்கள். நான் சிறியவள் என்பதால் இறக்கைக்கும் பலகைக்கும் நடுவே உட்கார்ந்து, முனை இடிபடாமல் கம்பளியை அணைத்துப் பிடிக்க முடியும். மேட்டில் இறக்கியதும் லாரிக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். கொட்டகைக்கு வடக்கே மூன்று பீச் மரங்கள், அவற்றின் அடியில் பெட்ரோல் குழி. மேலே புல் பரப்பி மறைத்திருந்தார்கள். தோண்டிப் பாருங்கள், இரும்பு மூடி இருக்கும்.

அப்போது ட்ரெகியர் வந்தார். நெட்டைக்கால். ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வந்து, மீதியை வேலித் தூணின்மேல் வைத்துவிட்டு ஏறினார். நான் அதுவரை ஒரு விமானமும் கிளம்பிப் பார்த்தவளில்லை. இறக்கையைத் தெரியும், அது பறக்கும் என்பது தெரியாது. ஓடியது, புல்லைவிட்டு எழுந்தது, மேகத்துக்குள் போனது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு புள்ளி, நேராகத் தலைகுப்புற வருகிறது. வருகிறது, வருகிறது. தரைக்கு மேலே சட்டென்று திரும்பி மறுபடி மேலே போனது. அப்புறம்தான் சத்தம் வந்து காதில் அறைந்தது. வேண்டுமென்றே அப்படி விழுவாராம். உடைகிறதா என்று பார்க்க. யுத்தத்தில் ஒருவன் உடைந்து சாகாமல் இருக்க, இவர் தினமும் நாலு தடவை விழுந்து பார்ப்பார்.

இறங்கி வந்து இறக்கையில் கைவைத்து, “இத யாரும்மா அடிச்சது?” என்றார்.

“நாங்கதான் சார். பதினாலாம் நம்பர்.”

“நல்லாப் பிடிச்சிருக்கு. மேல போயிட்டா எனக்கு உங்கள விட்டா வேற யாரும் இல்ல, தெரியுமா?”

சொல்லிவிட்டுத் தூணுக்குப் போய் மீதி ஆப்பிளை எடுத்துத் தின்றார். அதை நான் உன்னிடம் வந்து சொன்னபோது நீ துள்ளிக் குதித்தாய்.

நாலு மாதம் கழித்து அவர் கால் போனது, நம் இறக்கையால். அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

மியூரியல்


ஹார்ன்ஃபோர்டு
20 ஏப்ரல் 1984

மியூரியல்,

உட்கார்ந்துகொண்டு படி. எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலேறி, ட்ரெகியர் இருக்கும் ஃபோவேக்குப் போனேன். துறைமுகத்துக்கு மேலே, படிகள் நிறைந்த ஒரு தெரு. எழுபத்துநான்கு வயது. மரக்கால் வைத்துக்கொண்டு தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். “ஹார்ன்ஃபோர்டா? உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று மண்கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். பறப்புப் பதிவேட்டை மேசைமேல் தயாராக எடுத்து வைத்திருந்தார். கோல்ட்ஹார்பரில் மட்டும் அறுநூற்றுப் பதினொரு பறப்புகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம். மேடு தப்பிவிடும் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தோஷம் எனக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

மார்ச் 13-க்கு எதிரே ஒரே வரி: ‘தலைகுப்புறப் பாய்ந்தபோது இடது இறக்கையின் மேல்தகடு உரிந்தது. இறக்கிவிட்டேன்.’

“குதிச்சிருக்கலாமே சார்?” என்றேன். “பாராசூட் இருந்துச்சே.”

“ரேடியோவுலயும் அதத்தான் கத்துனாங்க. குதிச்சிருந்தா அது போயி எங்கயாவது மோதி சில்லுசில்லாப் போயிருக்கும். ஏன் உரிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்? அதே மாதிரி எத்தன இறக்கை லாரியில போயிட்டு இருக்கோ! கொண்டுபோய்க் காட்டிடணும்னு தோணுச்சு. வேகத்தக் கொறச்சா ஒரு பக்கமாச் சாயுது. அதனால வேகமாவே எறக்குனேன். வேலி வந்துடுச்சு. என் காலு நடுவுல இருந்துச்சு.”

இதை அவர் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதைபோலச் சொன்னார், மியூரியல்.

பிறகு சொன்னதுதான் என்னைத் தைத்தது. இறக்கையைப் பிரித்துப் பார்த்தார்களாம். அடித்தவள் கையில் எந்தக் குறையும் இல்லை. நாற்பது ரிவிட்டுகள் விறைத்துப்போனவை. உப்புத் தொட்டியில் சூடேற்றி எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் ரிவிட் இளக்கமாக இருக்கும், அதற்குள் அடிக்க வேண்டும், தாண்டினால் கடினமாகி உள்ளே கீறல் விடும் என்பது நமக்கு முதல் நாளே சொன்ன பாடம். அந்த நாற்பதும் நேரம் கடந்த டப்பாவிலிருந்து வந்தவை.

டப்பாவைக் கொண்டுவந்தவள் நான்.

லாயத்திலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வரும்போதுதான் தந்தி கொடுத்தார்கள். நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவோடு உள்ளே வந்தேன்.

விபத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து ஷெட்டில் இரண்டு மணிக்கொரு தரம் மணியடித்து, மிச்ச ரிவிட்டுகளை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். யாரும் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடுமோ என்றுதான் கேட்காமல் இருந்தேனோ என்னவோ. இதைத்தான் மூன்று தாளிலும் எழுத முடியவில்லை.

அவரிடம் அங்கேயே சொன்னேன். “அந்த டப்பா நான் கொண்டாந்தது சார்.”

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப அந்தக் கழிவறைப் பொண்ணு நீங்கதானா?” என்றார்.

ஆகஸ்டில் ஊன்றுகோலோடு அவர் ஷெட்டுக்கு வந்தது உனக்குத் தெரியாது, உன்னை அதற்குள் அனுப்பிவிட்டார்கள். பதினான்காம் ஜோடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

“நான்தான் சார்” என்றேன்.

“திட்டவா வந்தேன்? நாப்பது ரிவிட் போச்சு. அந்தத் தகட்டுல நானூறு பிடிச்சுது. அந்த வேகத்துல, அந்தக் காத்துல! நானூறும் பிடிச்சதாலதான் நான் உங்ககூட உக்காந்து டீ குடிக்கிறேன். அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். இன்னொரு விஷயம். தேடிப் பாத்ததுல மேட்டுல நின்ன இன்னும் மூணு இறக்கையில இதே மாதிரி பழைய ரிவிட் இருந்துச்சு. வேற ஜோடிங்க அடிச்சது. மூணு பேரு பொழச்சாங்க. என் ஒரு காலுக்கு அது மோசமில்ல.”

எனக்கு அழவும் வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல் இதற்கு எவ்வளவு சின்னது என்று தெரிந்தே கேட்கிறேன். ‘வேலையைக் கெடுத்தவள்’ என்ற பெயரோடு இந்த ஊரைவிட்டுப் போனாய். அந்தப் பெயர் என்னுடையது.

ஆலிவ்


வைராராபா
6 மே 1984

ஆலிவ்,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். டப்பாவில் சாக்கட்டியால் ஏழு நாற்பது என்று எழுதியிருந்தது. நீ உள்ளே வந்தபோது கடிகாரத்தில் பத்து ஆகப்போகிறது. உன் முகத்தைப் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன். வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. “இன்னும் ஒரு வரிசைதானே, முடிங்கம்மா” என்று ப்ளாட் கத்துகிறார். போய் வேறு டப்பா கொண்டுவா என்று அந்த நேரத்தில் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே போயிருக்கலாம், போகவில்லை. முதல் ரிவிட்டை அடித்ததுமே கையில் தெரிந்தது. இளக்கமானது கும்மென்று உட்காரும், விறைத்தது கணீரென்று எகிறும். நாற்பதும் கணீரென்றுதான் கேட்டது. நாற்பதையும் அடித்தேன்.

அதனால் என்னைப் புனிதவதி ஆக்கிவிடாதே. உனக்காகப் பழியைச் சுமந்தேன் என்று உன் மேஜரிடம் கதை கட்டிவிடாதே. ப்ளாட் கேட்டபோது டப்பாவைப் பற்றி நான் சொல்லவில்லைதான். சொன்னால், தெரிந்தே ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

நீ என் பெயரைச் சொன்னதற்கு நான் கோபப்பட்டேன் என்றா நினைத்தாய்? ஒரு வாரத்தில் அது ஆறிவிட்டது. ஆறாதது வேறு. லாண்டரிக்குப் போன முதல் நாள், மத்தியானம் வாசலில் நின்றேன். பஸ் ஷெட்டிலிருந்து நாலே நிமிட நடை. நீ வருவாய் என்று நின்றேன். மறுநாளும் நின்றேன். ஐவி வந்து, “யாருக்குடி காத்துக்கிட்டு நிக்கிற, ராஜாவுக்கா?” என்று கேலி செய்யும்வரை பதினோரு நாள் நின்றேன். லென்னைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. அவன் வந்தானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. இவ்வளவு நீளக் கடிதத்தில் அதை நீ எழுதவில்லை.

ட்ரெகியர் சொன்னதை நோயலுக்குப் படித்துக் காட்டினேன். நானூறு என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவரே வாங்கி மீதியைப் படித்தார்.

விசாரணையில் பேசுவதானால் டப்பாவையும் சேர்த்துப் பேசு. நேரம் ஏழு நாற்பது. அதை அடித்தவள் பெயர், கல்யாணத்துக்கு முன் இருந்தபடியே, மியூரியல் டாசன், தெரிந்தே அடித்தாள் என்று சொல். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம்.

மியூரியல்


ஹார்ன்ஃபோர்டு
25 ஜூன் 1984

மியூரியல்,

லென் வரவில்லை. அவனோடு போன நாற்பத்திரண்டு பேரில் யாரும் வரவில்லை. அம்மா 1951-இல் இறக்கும்வரை அவனுடைய ரேஷன் அட்டையைத் தூக்கிப்போடவில்லை. முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். லாண்டரி வாசலுக்கும் வந்திருக்க வேண்டும். நாலு நிமிடம்தான். தினமும் தெருமுனைவரை வந்தேன், அதற்குமேல் கால் நகரவில்லை. உன்னைப் பார்த்தால் நீ திட்டுவாய் என்ற பயம் இல்லை. திட்டாமல் விட்டுவிடுவாயோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை விசாரணை. டவுன்ஹால் நிரம்பி வழிந்தது. நான் நாற்பது பேருக்குத்தான் நாற்காலி போடச் சொன்னேன், இருநூறு பேர் வந்தார்கள். ஐவி பழைய பெண்கள் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போய் இழுத்து வந்திருந்தாள். ட்ரெகியர் ஆறு மணி நேரம் ரயிலில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேஜர் பதிவேட்டை வாசித்தார். நீ சொன்ன இரும்பு மூடியின் புகைப்படத்தைக் காட்டினார். பீச் மரங்களில் இரண்டு போய்விட்டன. மூன்றாவதின் அடியில் அரை அடி தோண்டியதும் கிடைத்தது. கவுண்டி அதிகாரிகள் தலையாட்டினார்கள். அத்தோடு காரியம் முடிந்தது, நான் பேசத் தேவையே இல்லை. மேஜர் என் காதில், “ஜெயிச்சாச்சும்மா. இனிமே அந்த ரிவிட் கதை எதுக்கு? ஊருக்குத்தான் அசிங்கம்” என்றார்.

எழுந்துவிட்டேன். நீ எழுதியபடியே சொன்னேன். தேதி, டப்பா, ஏழு நாற்பது, நிலக்கரிக் குவியல், உன் பெயர், என் பெயர். “அந்தப் பழி முழுசும் நாப்பத்தியோரு வருஷமா ஒருத்தி மேலயே கெடக்குது, அத எறக்கி வைக்கத்தான் எந்திரிச்சேன்” என்றேன்.

மேஜர் கையிலிருந்த பதிவேட்டை மூடினார்.

பின்வரிசையிலிருந்து ஐவியின் குரல். “அட உக்காருடி ஆலிவ்! நாங்க மட்டும் என்ன? வால் பகுதிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின டப்பாவ சாப்பாட்டுக்கு அப்பறம் அடிச்சிருக்கேன் நானு. ஒரு தடவையா ரெண்டு தடவையா!”

பெரிய டோரதி எழுந்தாள். “நானும்தான். ஒன்பதாம் நம்பர். அந்த மூணு இறக்கையில ஒண்ணு என்னோடதா இருக்கும்னு இப்பத்தான் தெரியுது.” சொல்லிவிட்டு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஒருத்தி, இன்னொருத்தி. எனக்குப் பெயர் மறந்தவர்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், சிலரால் முடியவில்லை. ஒவ்வொருத்தியும் தன் ஜோடி எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நாற்பத்தோரு வருடம் வாயே திறக்காத பெண்கள், மியூரியல். நீயும் நானும் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

முதலாமவள் எழுந்தபோதே ட்ரெகியரும் எழுந்துவிட்டார். பதினேழு பெண்கள் பேசினார்கள். மரக்காலோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசிப் பெண் உட்காரும்வரை நின்றுகொண்டே இருந்தார். மேஜர் நாற்காலியை முன்னால் நகர்த்திக் கொடுத்துப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார், உட்காரவில்லை.

இன்று காலை மன்றத்திலிருந்து கடிதம். ஓடுபாதையும் கொட்டகையும் தொடப்படாது. குவாரி மேட்டின் தெற்குச் சரிவோடு நின்றுவிடும். பெண்கள் பெயர் நூற்றுநாற்பதையும் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்தே போட வேண்டும் என்று மேஜரே சொல்லிவிட்டார். “பின்னிணைப்புல நம்ம பேரப் போட்டுக்கலாம்” என்றார், முகம் சிவந்துபோய்.

நீ வருவாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டுவிட்டேன்.

ஆலிவ்


வைராராபா
9 செப்டம்பர் 1984

அன்புள்ள ஆலிவ்,

பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. நீ கேட்டதற்கு ஆம் என்று எழுதுமுன் ஒரு காரியம் பாக்கி இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. 1946-இல் கப்பலில் வந்தேன், அதன்பின் எங்கும் போகவில்லை. என் அம்மா இறந்தபோது நோயல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஆக்லாந்துவரை போய்த் திரும்பிவிட்டேன். தலைவலி என்று சொன்னேன். ரிவிட் போனால் தகடு எப்படி உரியும் என்று தெரிந்தவள் எப்படி ஏறுவாள்?

எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு வசந்தத்தில் எரு தூவ ஒரு சின்ன விமானம் வரும். மலையில் புல்வெளியிலேயே இறங்கும், எருவை நிரப்பிக்கொண்டு ஏறும். இருபது வருடமாக அது வருகிற நாளில் நான் டவுனுக்குப் போய்விடுவேன். இந்த வருடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நோயலோடு மேலே நடந்து போனேன். ஓட்டுகிற கிரேம் எஞ்சினை அணைத்துவிட்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். நான் போய் இறக்கையில் கைவைத்தேன். நுனியிலிருந்து உடல்வரை ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போனேன்.

“என்ன தேடுறீங்க மிஸஸ் ஹாடன்?”

“ஒண்ணுமில்லப்பா. இதத்தான் நான் செஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

“எத?”

“இறக்கைய. ஸ்பிட்ஃபயருக்கு.”

அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான். நோயலைப் பார்த்தான். நோயல், “எனக்கே இந்த வருஷம்தான் தெரியும்” என்றார். குரலில் அப்படியொரு பெருமை, ஆலிவ். தானே செய்த மாதிரி.

“பக்கத்துல ஒரு சீட்டு இருக்கு. ஒரு சுத்து வர்றீங்களா?” என்றான் கிரேம்.

ஏறிவிட்டேன். கிளம்பியபோது கண்ணை மூடிக்கொண்டேன். காற்று வந்து அடித்தபோது, மூடிக்கொண்டே இருப்பதற்கா ஏறினேன் என்று தோன்றியது. திறந்து இறக்கையைப் பார்த்தேன். வெயிலில் ரிவிட்டுகள் வரிசை வரிசையாக மின்னின. எண்ணத் தொடங்கினேன். முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கீழே ஆடுகள், ஆறு, எங்கள் வீட்டுக்கூரை.

இந்த விமானம் ஹாமில்டனில் செய்தது என்றான் கிரேம். அடித்தவள் யாரோ, எப்படிப்பட்ட நாளில் அடித்தாளோ. காலையில் அவளுக்கு என்ன செய்தி வந்ததோ, பக்கத்தில் நின்றவள் என்ன சொல்லித் தேற்றினாளோ. எனக்கு ஒன்றும் தெரியாது. அவளை நம்பிக்கொண்டு இரண்டாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வேலை பிடித்தது.

அக்டோபர் 20 காலை பதினொன்றரைக்கு ஹீத்ரோவில் இறங்குகிறேன். நோயலும் வருகிறார். ஐவியிடம் சொல்லாதே, ஊரையே கூட்டி வந்துவிடுவாள். நீ மட்டும் வா. வாசல்வரை வா.

மியூரியல்